காளான் காம்பில் சைவ மட்டன்: நான்கு முறை செய்து பார்த்த குறிப்புகள்

புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் கோலாலம்பூர்த் தமிழர் வீடுகளில் சைவ மட்டன் வறுவல் இலையேறுவது புதிதல்ல. இப்போது விரதம் இல்லாத நாள்களிலும் அதைத் தேடி வாங்குகிறார்கள். 2021-இல் ஷா ஆலமில் நெஸ்லே தாவர உணவுக்கென்றே ஒரு தொழிற்சாலையைத் திறந்தது. பேரங்காடி உறைபெட்டிகளில் பர்கர், நகெட், கொத்துக்கறி என்று வகைவகையாக அடுக்கியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை அரைத்த இறைச்சியைப் போல இருக்கும்படி செய்யப்பட்டவை. பலவற்றில் மெத்தில்செல்லுலோஸ் என்ற பசைப்பொருள்தான் பிடிப்பு. அது சூட்டில் இறுகும், ஆறினால் இளகும். தட்டையான பர்கருக்கு அது பொருந்தும். துண்டு துண்டாக நார் பிரிந்து வரவேண்டிய வறுவலுக்கு ஆகாது. குவாலியில் (வாணலியில்) போட்டு நாலு தடவை புரட்டினால் உதிர்ந்துவிடும்.

வறுவலுக்கு ஏற்றது பழைய வழிதான். சீனச் சைவக் கடைகளில் மட்டன் என்ற பெயரில் விற்கும் துண்டுகளில் நாராக இருப்பது பெரும்பாலும் ஷிட்டாகே காளானின் காம்பு. காளான் குடையை விற்றபின் மிஞ்சும் கடினமான பகுதி அது. அதை ஊறவைத்து, இடித்து நாராக்கி, கோதுமைப் புரதத்தோடோ சோயாப் புரதத்தோடோ பிசைந்து கட்டியாக்குகிறார்கள். வாங்கிச் சமைப்பதில் தவறில்லை. ஆனால் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்: பல வகைகளில் பிடிப்புக்காக முட்டை வெள்ளைக்கரு சேர்த்திருப்பார்கள். மலாய் மொழியில் ‘தெலுர்’ என்றிருந்தால் முட்டை, ‘சூசு’ என்றிருந்தால் பால். முன்பக்கத்தில் சைவம் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி விரதச் சமையலுக்கு எடுக்காதீர்கள். இன்னொன்று, சீனப் பௌத்த சைவத்தில் வெங்காயமும் பூண்டும் விலக்கு. அதனால் கடைத் துண்டுகளுக்கு உள்ளே நம் நாக்கு எதிர்பார்க்கும் காரசாரம் இருக்காது. மேலே எவ்வளவு மசாலா பூசினாலும் கடித்தால் நடுவில் சப்பென்று இருப்பது இதனால்தான். வீட்டில் செய்தால் உப்பையும் சோம்பையும் மாவிலேயே வைத்துவிடலாம்.

செய்முறைக்குள் போகும்முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிறைச்சி வேகும்போது தண்ணீர் விடும். சைவ மட்டன் தண்ணீரைக் குடிக்கும். கீழே வரும் நான்கு சமையலில் மூன்று கெட்டுப்போனது தண்ணீரால்தான். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்.

தேவையானவை

ஐந்தாறு பேர் சாப்பிடும் அளவு இது. காய்ந்த ஷிட்டாகே காம்பு 100 கிராம், குளூட்டன் மாவு 200 கிராம், கடலை மாவு 30 கிராம், தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, கறுப்புக் கிச்சாப் (சோயா சாஸ்) 1 மேசைக்கரண்டி, உப்பு 8 கிராம், வறுத்து அரைத்த சீரகம் 1 தேக்கரண்டி, சோம்புத் தூள் 1 தேக்கரண்டி, மிளகுத் தூள் அரைத் தேக்கரண்டி, தண்ணீர் 170 மில்லி. தண்ணீரைக் கண்ணால் அளக்காதீர்கள், தராசில் வைத்து 170 கிராம் என்று எடுங்கள்.

காம்பு, காய்ந்த சாமான் விற்கும் சீனக் கடைகளில் கிடைக்கும். பூடு சந்தைப் பக்கமோ பெட்டாலிங் ஸ்திரீட் பக்கமோ கேட்டுப் பாருங்கள். பினாங்கில் இருப்பவர்கள் சௌராஸ்தா சந்தையைச் சுற்றியுள்ள கடைகளில் தேடலாம். கையில் எடுத்தால் சுள்ளிபோல் முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது, இந்த ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடிக்க அதிக நாளாகாது. குளூட்டன் மாவு கேக் சாமான் விற்கும் கடைகளில் இருக்கும். அது சாதாரணக் கோதுமை மாவு அல்ல. மாவுச்சத்தைக் கழுவி எடுத்துவிட்டு மிஞ்சிய புரதத்தைக் காயவைத்துப் பொடித்தது. அதில் முக்கால் பங்குக்கு மேல் புரதம்.

கடலை மாவு எதற்கு என்று கேட்பார்கள். இரண்டு காரணம். குளூட்டன் மட்டும் போட்டால் கடிக்கும்போது ரப்பர்போல் எகிறும். கடலை மாவு அந்த வலையை அங்கங்கே அறுத்து இளக்குகிறது. மற்றது சத்து: கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, கடலையில் அது நிறைய. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். கோதுமை ஒவ்வாதவர்களுக்கு இந்தப் பண்டமே ஆகாது. அவர்களுக்குப் பலாமுசு பற்றிக் கடைசியில் சொல்லியிருக்கிறோம்.

முதல் சமையல்: காம்பு வேகவில்லை

சுடுதண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மிக்ஸியில் அடித்துப் பிசைந்தது. கட்டி நன்றாகத்தான் சேர்ந்தது. கடித்தால் வைக்கோல் துணுக்கு நிரடுவதுபோல் இருந்தது.

தவறு இரண்டு. காம்பின் மேற்பகுதி இளகினாலும் நடு இன்னும் காய்ந்தே இருந்தது. பச்சைத் தண்ணீரில் 12 மணி நேரமாவது ஊறினால்தான் நடுவரை ஈரம் இறங்கும். ராத்திரி குளிர்பெட்டியில் வைத்து ஊறவிடுங்கள். வெளியே வைத்தால் இந்த வெயிலுக்குப் புளித்த வாடை வந்துவிடும். அடுத்த தவறு மிக்ஸி. அதன் கத்தி நாரைக் குறுக்கே வெட்டுகிறது. நமக்கு வேண்டியது நெடுக்கே பிரிந்த நீள நார். அதற்கு அம்மிக் குழவியோ கல் உரலோதான் சரி. மிக்ஸியைத் தவிர வேறில்லை என்றால் ஒரு விநாடி ஒரு விநாடியாக நாலைந்து தடவை மட்டும் சுற்றவிட்டு, மிச்சத்தைக் கையால் பிய்த்துவிடுங்கள்.

சரியான வரிசை இது. ஊறிய காம்பின் அடிநுனியைக் கத்தரியுங்கள். மரத்தோடு ஒட்டி வளர்ந்த அந்தப் பகுதி எத்தனை வேகவைத்தாலும் மெல்ல வராது. குக்கரில் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு 20 நிமிடம் வேகவையுங்கள். ஆறியதும் பிழிந்து, உரலில் போட்டு இடியுங்கள். அரைப்பதுபோல் தேய்க்கக் கூடாது, நேராகக் குத்த வேண்டும். நூல் நூலாகப் பிரிந்ததும் நிறுத்துங்கள். பிறகு மறுபடி தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். இப்படி மூன்று தடவை.

மூன்று தடவை எதற்கு? ஷிட்டாகேயின் அந்தத் தனி வாடைக்குக் காரணம் லென்தியோனின் என்ற கந்தகச் சேர்மம். அது போகாவிட்டால் எவ்வளவு மசாலா போட்டாலும் முதல் வாயிலேயே காளான் என்று தெரிந்துவிடும். ஆனால் ஊறவைத்த தண்ணீரையும் குக்கர் தண்ணீரையும் கொட்டிவிடாதீர்கள். அவற்றில் காளானின் சுவைச்சத்து நிறைய இறங்கியிருக்கிறது. துணியில் வடிகட்டி ரசத்துக்கோ சாம்பாருக்கோ ஊற்றினால் எலும்பு போட்டுக் கொதிக்கவைத்த சூப்பின் கனம் வரும்.

கடைசிப் பிழிதலில் கை வலிக்க வேண்டும். ஒரு பிடி நாரை இறுக்கினால் சொட்டு விழக்கூடாது. 100 கிராம் காய்ந்த காம்பு பிழிந்தபின் ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். அதற்கு மேல் நிறைய ஏறினால் இன்னும் தண்ணீர் உள்ளே நிற்கிறது, மறுபடி பிழியுங்கள்.

இரண்டாம் சமையல்: கட்டி பஞ்சாகிவிட்டது

இந்த முறை நார் சரி. மாவில் தண்ணீர் 250 மில்லி போயிற்று, அதோடு கட்டியை நேரே கொதிக்கும் தண்ணீரில் போட்டு வேகவைத்தோம். ஒன்றரை மடங்கு ஊதி மிதந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே தோசைபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது.

குளூட்டன் ஒரு வலை. குளூட்டெனின், கிளையாடின் என்ற இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உருவாவது. அந்த வலை சூட்டில் இறுகிக் கெட்டியாகும் முன்பே உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியானால், ஆவி வலையை ஊதிவிடும். பிறகு இறுகினாலும் அந்தக் குமிழி அப்படியே நின்றுவிடும். ரொட்டி ஊதுவதும் ஏறத்தாழ இதே முறையில்தான், அங்கே வலையை ஊதுவது பெரும்பாலும் ஈஸ்ட் விடும் வாயு. ரொட்டிக்கு அது வேண்டும், மட்டனுக்கு வேண்டாம். தண்ணீர் கொதிகொதி என்று கொதித்தாலும் இதே சேதம்தான். கொந்தளிக்கிற தண்ணீர் மேற்பரப்பைப் பிய்த்து உள்ளே புகுந்துவிடுகிறது.

அதனால் நீரில் வேகவைப்பதை விட்டு ஆவியில் வேகவையுங்கள், அதுவும் இறுக்கிக் கட்டி. மாவு பிசைவது இப்படி: குளூட்டன், கடலை மாவு, உப்பு, தூள்களை முதலில் உலர்வாகக் கலந்துவிடுங்கள். பிழிந்த நாரை உதிர்த்துப் போட்டு, நாரெல்லாம் மாவு பூசியபின்தான் தண்ணீரும் எண்ணெயும் கிச்சாப்பும் கலந்த கரைசலை ஊற்ற வேண்டும். ஊற்றிய மறுகணம் கையை விடாமல் கிளறுங்கள். தாமதித்தால் தண்ணீர் பட்ட இடம் கட்டியாகி, படாத இடம் பச்சை மாவாக நிற்கும். சேர்ந்துவந்ததும் மூன்று நிமிடம் பிசைந்தால் போதும். சப்பாத்திபோல் பத்து நிமிடம் அடித்துப் பிசைந்தால் வலை அதிகம் முறுக்கேறி, வெந்தபின் செருப்புத் தோல் ஆகிவிடும். பிசையும்போது ஒரே திசையில் இழுத்து மடித்தால் நார் ஒரு பக்கமாகப் படியும், பிய்க்கும்போது இறைச்சிபோல் பிரியும். மூடி 20 நிமிடம் விடுங்கள்.

பிறகு மணிக்கட்டுக் கனத்தில் இரண்டு உருளையாக உருட்டி, வாட்டிய வாழையிலையில் சுற்றி, மேலே துணியால் இறுக்கி நூல் கட்டுங்கள். இறுக்கம்தான் ஊதாமல் காப்பது. இட்லிப் பானையில் நடுத்தரத் தீயில் 45 நிமிடம். உணவு வெப்பமானி இருந்தால் உருளையின் நடுவில் குத்திப் பாருங்கள், 85 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வெந்தது.

பஞ்சாகிப்போன அந்தக் கட்டி வீணாகவில்லை. சிறு துண்டாக்கி எண்ணெயில் பொரித்துப் பருப்பு டால்சாவில் போட்டதும் குழம்பை உறிஞ்சி அருமையாக வந்தது. குழம்புக்குப் பஞ்சு நல்லது, வறுவலுக்குத்தான் ஆகாது.

மூன்றாம் சமையல்: குவாலியில் கெட்டது

கட்டி சரியாக வந்துவிட்டது. கெட்டது வறுவலில். வழக்கமான மட்டன் வறுவல்போலவே வெங்காயம் வதக்கி, துண்டுகளைப் போட்டு, மசாலாத் தூளும் தண்ணீரும் விட்டு, மூடி அரை மணி நேரம் வேகவிட்டோம். ஆட்டிறைச்சி என்றால் அந்த நேரத்தில் தன் தண்ணீரை விட்டு, கொழுப்பை விட்டு, மசாலாவோடு சேர்ந்து சுண்டியிருக்கும். இது எதிர்த்திசையில் போயிற்று. குவாலியில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்து, துண்டுகள் உப்பி வழவழத்தன. மசாலாவில் ஈரம் இல்லாமல் தூள் பச்சையாகவே நின்றது, அடியும் பிடித்தது.

சைவ மட்டன் ஏற்கெனவே வெந்த பண்டம். அதற்கு வேகும் நேரம் தேவையில்லை, ஒட்டும் நேரம்தான் தேவை. ஆகவே வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: மசாலா முழுவதும் வெந்து, எண்ணெய் பிரிந்து, தண்ணீர் சுண்டியபின் கடைசியாகத்தான் துண்டுகள். தயிரில் ஊறவைப்பதும் வேண்டாம். இறைச்சியை மிருதுவாக்கும் அந்த வேலை இங்கே நடக்காது. தயிரின் தண்ணீர்தான் உள்ளே போகும்.

நான்காம் சமையல்

வெந்த உருளையை ஆறவிட்டு, இலையோடு ஒரு ராத்திரி குளிர்பெட்டியில் வையுங்கள். இதைத் தவிர்க்க முடியாது. சூட்டோடு அறுத்த துண்டு கத்தியில் பிசின்போல் ஒட்டும். இரவு முழுவதும் குளிர்ந்ததில் ஈரம் சமமாகப் பரவி, தேங்காய் எண்ணெயும் உறைந்து, பிய்க்கத் தோதாக இறுகியிருக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். வறுக்கும்போது அது உள்ளேயே உருகி, ஆட்டுக் கொழுப்பு வாயில் விடும் நெய்ப்பை ஓரளவு தருகிறது. சூரியகாந்தி எண்ணெய் விட்டுச் செய்தால் அந்த நெய்ப்பு வரவில்லை.

மறுநாள் கையால் பிய்யுங்கள். கத்தி வேண்டாம். பிய்த்த துண்டின் ஓரம் கரடுமுரடாக இருக்கும், மசாலா பிடிப்பது அங்கேதான். அறுத்த துண்டு வழவழப்பாக இருக்கும், மசாலா வழுக்கி விழும். பெருவிரல் அளவு போதும், பெரிதாகப் பிய்த்தால் நடுவில் காரம் எட்டாது.

குவாலியில் நாலு மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் துண்டுகளைப் பரப்பி, நடுத்தரத் தீயில் கிளறாமல் மூன்று நிமிடம் விடுங்கள். அடிப்பக்கம் பழுப்பேறியதும் புரட்டி இன்னும் மூன்று நிமிடம். இப்படிப் பொன்னிறமாக வறுபடும்போது மேலே ஒரு மெல்லிய ஓடு விழுகிறது. பின்னால் மசாலாவின் ஈரம் உள்ளே இறங்காமல் தடுப்பது அந்த ஓடுதான். எடுத்து வைத்துவிடுங்கள்.

அதே எண்ணெயில் இன்னும் ஒரு கரண்டி விட்டு, பட்டை ஒரு துண்டு, ஏலக்காய் மூன்று, கிராம்பு நாலு, அன்னாசிப்பூ ஒன்று, சோம்பு ஒரு தேக்கரண்டி. பொரிந்ததும் பெரிய வெங்காயம் மூன்று பொடியாக நறுக்கியது, கறிவேப்பிலை மூன்று கொத்து. வெங்காயம் சிவந்ததும் இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, பச்சை வாடை போனதும் தக்காளி ஒன்று. காய்ந்த மிளகாய் விழுது ஒரு மேசைக்கரண்டி சேர்த்து வதக்குங்கள். இறைச்சிக் கறித்தூள் மூன்று மேசைக்கரண்டியை 100 மில்லி தண்ணீரில் குழம்பாகக் கரைத்து ஊற்றுங்கள். இறைச்சிக் கறித்தூள் என்றால் இறைச்சி சமைக்க ஏற்ற தூள் என்றுதான் பொருள், மல்லியும் மிளகாயும் சோம்பும்தான் உள்ளே இருக்கும். ஆனாலும் விரதத்துக்கு என்றால் பொட்டலத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தூளைத் தண்ணீரில் கரைத்து விடுவது கருகாமல் வேகத்தான். தீயைக் குறைத்து 12 முதல் 15 நிமிடம். எண்ணெய் ஓரத்தில் தெளிந்து நிற்க வேண்டும், கரண்டியால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுவரை துண்டுகளைத் தொடாதீர்கள்.

இப்போது துண்டுகளைப் போட்டு, தீயைக் கூட்டி, நாலைந்து நிமிடம் புரட்டி இறக்குங்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். இறக்கும்போது புதிதாக இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, சோம்புத் தூள் அரைத் தேக்கரண்டி, இன்னொரு கொத்துக் கறிவேப்பிலை. மாவிலேயே உப்பு இருப்பதால் மசாலாவுக்குத் தனியாக அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், கிச்சாப்பிலும் உப்பு இருக்கிறது. வெங்காயம், பூண்டு ஆகாத விரதத்துக்குச் சமைத்தால் இரண்டையும் விட்டு, இஞ்சியைக் கூட்டி, இரண்டு சிட்டிகைப் பெருங்காயத்தை எண்ணெயில் பொரியவிட்டுத் தொடங்குங்கள். அப்போது மசாலாவுக்குக் கனம் குறையும். நாலு முந்திரியை அரைத்து விட்டால் சரியாகும்.

மட்டன் வாசம் இதில் வருமா? அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஆட்டின் அந்த மொச்சை வாடை ஆட்டுக் கொழுப்பில் உள்ள கிளைச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களால் வருவது. நாம் போடும் காம்பிலோ மாவிலோ எண்ணெயிலோ அது இல்லை. சீரகமும் சோம்பும் மிளகும் மட்டன் வறுவலோடு நம் நினைவில் பின்னிக் கிடப்பதால் அந்த எண்ணம் எழுகிறது, அவ்வளவுதான். அதனாலேயே சீரகத்தை மாவிலும் சோம்பைக் கடைசியிலும் போடுவதை விட்டுவிடக் கூடாது.

குளூட்டன் மாவு கிடைக்காவிட்டால்

வீட்டிலேயே கழுவி எடுக்கலாம். ரொட்டிக்கு விற்கும் அதிகப் புரத மாவு ஒரு கிலோ, உப்பு ஒரு தேக்கரண்டி, தண்ணீர் 600 மில்லி. பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, உருண்டையைத் தண்ணீரில் மூழ்க ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு அதே தண்ணீரில் மெல்ல மெல்லக் கசக்க, பால்போல் மாவுச்சத்து இறங்கும். தண்ணீர் மாற்றி ஐந்தாறு தடவை. கடைசியில் கையில் மிஞ்சும் சூயிங்கம் போன்ற சாம்பல் நிறப் பண்டம்தான் குளூட்டன். 350 முதல் 400 கிராம் ஈரமாகக் கிடைக்கும். முதல் இரண்டு தண்ணீரில் அது கரைந்துபோகிறாற்போல் உதிரும். பயந்து நிறுத்தாதீர்கள், வடிகட்டியில் பிடித்துச் சேர்த்துக் கசக்கினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆட்டா மாவில் இதைச் செய்ய வேண்டாம்: அதிலுள்ள தவிடு வலையை அறுத்துக்கொண்டே இருக்கும், கையில் கொஞ்சம்தான் மிஞ்சும்.

கழுவிய குளூட்டனில் தண்ணீர் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் மேலே சொன்ன 170 மில்லியைச் சேர்க்கக் கூடாது. எண்ணெய், கிச்சாப், தூள்கள், கடலை மாவு, நார் மட்டும் போட்டுப் பிசையுங்கள். நார் இதில் சீராகக் கலக்காது, பிய்த்துப் பிய்த்து மடித்துச் சேர்க்க வேண்டும். கழுவிய மாவுத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். ராத்திரி தெளியவிட்டு, மேல்தண்ணீரை இறுத்து, அடியில் நிற்கும் மாவை நீர்த்தோசைபோல் மெல்லியதாக ஊற்றலாம்.

கோதுமை ஆகாதவர்களுக்குப் பலாமுசு. இளம் பலா, அதாவது நங்கா மூடா, சந்தையில் நறுக்கியே கிடைக்கும். நார் தானாகவே இருப்பதால் இடிக்கும் வேலை இல்லை. வேகவைத்து, பிழிந்து, வறுத்து அதே மசாலாவில் போடலாம். புரதம் மிகக் குறைவு. அதனால் அதோடு தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) சேர்த்துச் சமையுங்கள். தெம்பேயை அரை அங்குலக் கட்டையாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் தடவிப் பொரித்துச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். சைவக் கோழிக்கு வேறு வழி: ஊறிய ஃபூச்சுக் (சோயாப்பால் ஆடை) ஏடுகளை அடுக்கடுக்காகச் சுருட்டி ஆவியில் வைப்பது. அது தனிச் செய்முறை, இங்கே இடமில்லை.

வைத்திருப்பது

வெந்த உருளை குளிர்பெட்டியில் நாலு நாள் நிற்கும். வெளியே வைத்தால் சில மணி நேரத்திலேயே மேலே பிசுபிசுப்பு ஏறும். கழுவிவிட்டுச் சமைக்கலாம் என்று நினைக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். புரட்டாசி முழுவதுக்கும் சேர்த்துச் செய்பவர்கள் பிய்த்த துண்டுகளாகவே உறையவைப்பது நல்லது. உருளையாக உறைந்தால் இளகும்போது நடுவில் தண்ணீர் தேங்கி நிற்கும். உறைந்த துண்டை இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி இளகவிட்டு, வறுப்பதற்குமுன் இரண்டு கைக்கும் நடுவே வைத்து ஒரு முறை அழுத்திப் பிழிந்துவிடுங்கள்.